ஐந்தடி பத்தங்குலம்

அத்தியாயம் 11

அடுப்படிக்குப் போகும் வாசலின் மேல்கட்டையில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கிறது. நான்கு நாளாக அதில் யாரும் தலையை இடித்துக்கொள்ளவில்லை.

ஒட்டியவள் சித்தி. கல்யாணமாகி வந்த முதல் வாரமே, புருஷன் உள்ளே வரும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம் கேட்டு, பழைய சோபாவிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ஒட்டிவிட்டாள். சித்தப்பாவுக்குக் கண்ணாடிக் கிடங்கில் 'ஏணி' என்று பெயர். மேல்தட்டில் எதை எடுக்க வேண்டுமானாலும் "ஏணியக் கூப்பிடு" என்பார்கள். ஐந்தடி பத்தங்குலம்.

அந்த ஐந்தடி பத்தங்குலம்தான் இப்போது அவரைக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவள் அவருடைய அண்ணன் மகள்.

நடந்ததைச் சொல்ல நாலு வரி போதும். போன வாரம் திங்கட்கிழமை மாலை, கிடங்கின் பின்னறையில் முதலாளி தலை உடைந்து கிடந்தார். தாங்கியில் சாய்த்து வைத்திருந்த எட்டடிக் கண்ணாடிகளில் முதலாவது அவர்மேல் சரிந்து நொறுங்கியிருந்தது. இரண்டாவது சரியாமல் நின்றது. அதில் ஒரு விரல் தடம். யாரோ வேண்டுமென்றே தள்ளியிருக்கிறான் என்றது போலீஸ். முதலாளி இன்றுவரை கண் விழிக்கவில்லை.

தடம் கைரேகைப் பிரிவுக்கு வந்தபோது அதில் பெயர் இல்லை, கிடங்கு இல்லை. உறைமேல் ஓர் எண் மட்டும். அப்பாவும் சித்தப்பாவும் சித்தியும் வேலை பார்க்கும் இடத்திலிருந்துதான் அது வந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளை வீட்டில் எல்லாரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை உள்ளேயிருந்து பார்த்த முதல் ஆள். பெயர் வைத்தவரும் சித்தப்பாதான். கேலியாக ஆரம்பித்து, அப்புறம் பக்கத்து வீடுகளில் அவர் மார்தட்டிக்கொள்ளும் பெயராக ஆகிவிட்டது.

டிகிரி அந்தத் தடத்தைப் பார்த்தாள். ரேகைகள் ஒன்றோடொன்று குழம்பிப் போயிருந்தன. இன்னார் விரல் என்று சொல்ல வழியில்லை. ஆனால் விளிம்பு மட்டும் அச்சுப் போட்ட மாதிரி தெளிவு. நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளம் அளக்கலாம். அந்த நீளத்தை அட்டவணையில் வைத்துப் பார்த்தால், விரலுக்குரியவரின் உயரத்தை உத்தேசமாகச் சொல்லலாம். விரல் நீளமானவர் பெரும்பாலும் உயரமானவர், அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

முப்பத்தொரு மில்லிமீட்டர். அட்டவணை நூற்றெழுபத்தெட்டு சென்டிமீட்டர் என்றது. ஏழு கூடலாம், ஏழு குறையலாம் என்றும் சேர்த்துத்தான் எழுதினாள். அந்தக் கடைசி வரியை யாரும் படிக்கவில்லை.

"சாப்பிட்டுப் போ," என்றாள் சித்தி.

இடது கையால்தான் தட்டை வைத்தாள். வலது உள்ளங்கையில் ஒரு வாரமாகத் துணி சுற்றியிருக்கிறது. பாத்திரம் சுட்டுவிட்டதாம்.

"இன்னும் ஆறலையா சித்தி? ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க."

"சூடுதானே. ஆறும்."

"சித்தி, இன்னிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறேன். ஏதாவது சொல்லணுமா?"

சித்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சட்டை ரெண்டு மடிச்சு வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம். "படிச்சுக் கிழிச்சது இதுக்குத்தானா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டிகிரியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அம்மா போன பிறகு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் சித்தி. தன் புருஷனை உள்ளே வைத்தவளுக்குத் தட்டில் சோறு வைக்கிறாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

அப்பா வாசல் பக்கம் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கிடங்குக்கு சீல் வைத்தாகிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பி, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.

"அந்தக் கணக்கு யாரு போட்டது?" என்றார், லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான்தான்னு எத்தனை தடவப்பா சொல்றது?"

"அது தெரியும். விரலப் பாத்து உயரம் சொல்ற கணக்கு. அத யாரு கண்டுபிடிச்சா?"

"பெரிய படிப்பு படிச்சவங்க. நூத்துக்கணக்கான பேர அளந்து பாத்து எழுதினது."

"எங்கள மாதிரி ஆளுங்களயா?"

"எல்லாரையும்தான் அளந்திருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

தெருமுனை வரை வந்த பிறகுதான் அந்தக் கேள்வி செருப்புக்குள் கல் மாதிரி உறுத்த ஆரம்பித்தது.

*

காவல் நிலையத்தில் பார்வையாளர் அறை என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, இரண்டு பெஞ்ச். மேஜைமேல் கண்ணாடி போட்டு, அதன் அடியில் மஞ்சளடித்துப்போன அறிவிப்புத் தாள்களைச் செருகி வைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சட்டைகளை உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க கைரேகைப் பிரிவுல இருக்கீங்களாமே. சொந்தக்காரர்னு சொல்லவே இல்லையே."

"எங்களுக்கு வர்றது வெறும் நம்பர் சார். நம்பருக்குச் சொந்தக்காரங்க யாருன்னு யாரும் சொல்றதில்ல."

"நல்லாத்தான் இருக்கு. உங்க ரிப்போர்ட்டுல அஞ்சடி பத்துன்னு இருக்கு. அந்தக் கிடங்குல அஞ்சடி பத்து ஒரே ஆளு. சம்பவ நேரத்துல எங்க இருந்தேன்னா, தனியா வண்டில சரக்கு ஏத்தினேங்கறாரு. பாத்தவங்க யாரும் இல்ல."

"ரிப்போர்ட்டுல ஏழு கூடலாம், ஏழு குறையலாம்னும் போட்டிருக்கேன் சார்."

"அம்மா, நான் ஆளத் தேடறேன். கூட்டல் கழித்தல வச்சுக்கிட்டு நான் யாரத் தேட?"

அவர் போனதும் சித்தப்பாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பெஞ்ச் தாழ்வு. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. நாலு நாள் தாடியில் ஆள் இன்னும் நீண்டு தெரிந்தார்.

"இந்த பெஞ்ச எவனோ உங்கப்பன் அளவுக்குப் பண்ணி வச்சிருக்கான்," என்றார்.

டிகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. "சித்தப்பா, நான் தெரியாம..."

"விடு. தப்பு உன்னோடதில்ல, என்னைப் பெத்தவளோடது. நாலு அங்குலம் குறைச்சுப் பெத்திருக்கலாம்."

"விளையாடாதீங்க."

"வேற என்ன பண்ணச் சொல்ற? இங்க பேப்பர் கூடக் குடுக்க மாட்டேங்கறான்." கொஞ்சம் குரலைத் தணித்தார். "உன் சித்தி கை எப்படி இருக்கு?"

"துணி சுத்தினபடியேதான் இருக்கு. காட்ட மாட்டேங்கறாங்க."

"தண்ணி படாம பாத்துக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, மரத்துப்போன காலை நீட்டுவதற்காக மேஜையில் கையூன்றி எழுந்தார். மூன்று விரல்கள் கண்ணாடியில் அழுந்தின. சதை வெளுத்து, நாலு பக்கமும் பரந்து, ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கரண்டி அளவுக்கு விரிந்தது.

டிகிரி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சித்தப்பா, கைய எடுங்க. இப்ப நடுவிரல மட்டும் லேசா வைங்க. சும்மா தொடற மாதிரி."

"எதுக்கு?"

"வைங்க."

வைத்தார். பைக்குள்ளிருந்து சின்ன எஃகு ஸ்கேலை எடுத்து, கண்ணாடியில் படிந்த தடத்தை அளந்தாள். இருபத்தெட்டு.

"இப்ப கண்ணாடி தூக்கும்போது எப்படிப் பிடிப்பீங்களோ, அப்படி."

"நுனியால தொட்டா வழுக்கிடும் டிகிரி. சதை முழுக்க அமுக்கணும். வெயிட்டு விரல்ல வராம கையில வரணும்." அமுக்கிக் காட்டினார். "உங்கப்பன்தான் எனக்கு இதச் சொல்லிக் குடுத்தான். மொத நாளு..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

அவள் அளந்து முடித்திருந்தாள். முப்பத்திரண்டு. அதே ஆள், அதே விரல், அரை நிமிட இடைவெளி. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். அட்டவணைப்படி ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். அழுத்தி வைத்தால் ஆள் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறார்.

"அப்படின்னா அந்தத் தடத்துக்கு ஆறு குறைக்கணும்," என்றாள் தனக்குத்தானே. "நூத்தியெழுபத்தி ரெண்டு. அதுலயும் ஏழு குறையலாம்..."

"அந்த ஸ்கேல உள்ள வை."

"நூத்தியறுபத்தஞ்சு வரைக்கும் வரும் சித்தப்பா. நீங்கதான்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்தக் கிடங்குல பாதிப் பேர்..."

"உள்ள வைன்னு சொன்னேன்."

இருபத்து நாலு வருடத்தில் சித்தப்பா அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. கண்ணாடியில் கிடந்த தடங்களைத் தன் சட்டை நுனியால் துடைத்தார், எச்சில் தொட்டு, மூலை மூலையாக.

"யாரோ ஒருத்தர் இங்க உக்காரணும்னு ஆயிடுச்சு. எனக்குப் பழகிடுச்சு. முதலாளி கண்ணு முழிச்சா எல்லாம் தன்னால சரியாகும்."

"முழிக்கலைன்னா?"

"நான் உயரமாவே இருந்துட்டுப் போறேன், விடு."

அவள் எழுந்து நின்றாள். நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது பயம். தனக்காகப் பயப்படுகிற மனிதர் சட்டை நுனியால் சாட்சியைத் துடைக்க மாட்டார்.

நூற்றறுபத்தைந்து சென்டிமீட்டர் என்றால் ஐந்தடி ஐந்தங்குலம். பேருந்தில் ஏறிய பிறகுதான் அதை அங்குலமாக மாற்றிப் பார்த்தாள். அப்பாவின் உயரம் அது. மாற்றாமல் இருந்திருக்கலாம்.

*

அலுவலகத்தில் பெட்டகத்தைத் திறந்து, அந்த அட்டவணை வந்த புத்தகத்தை எடுத்தாள். பின்பக்கக் குறிப்பைப் படிக்கவே தேவையில்லை. அந்த அட்டவணை அவள் படித்த கல்லூரியில்தான் உருவானது. இருநூறு மாணவர்கள் வரிசையில் நின்று, மையைத் தொட்டு, வெள்ளைத் தாளில் லேசாக விரலை வைத்துவிட்டுப் போனார்கள். வரிசையில் எழுபதாவதோ எண்பதாவதோ அவள். வைத்துவிட்டு, கை கழுவ சோப்பு இல்லையென்று உதவியாளரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

இருநூறு பேர். ஒருவர்கூட மூட்டை தூக்கியவர் இல்லை, கலவை குழைத்தவர் இல்லை, எட்டடிக் கண்ணாடியை மார்போடு அணைத்துப் படி ஏறியவர் இல்லை. அவர்களுடைய விரல்களை வைத்து உலகத்தின் உயரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். கூலி வேலை செய்கிறவன் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் அந்த அட்டவணையை அவன்மேல் போடலாம். போட்டவள் யார்? கண்ணாடி தூக்கியவர் காசில் படித்தவள்.

அப்பா காலையில் கேட்டது இதைத்தான். "எங்கள மாதிரி ஆளுங்களயா?"

பிரிவுத் தலைவியான மேடத்தின் அறைக்குப் போகும்முன் அந்த வழக்கின் கோப்பை முழுதாகப் பார்த்துவிட நினைத்தாள். தொடக்கூடாது என்று தெரியும். தொட்டாள். முதல் தடவை அவளுக்கு வந்தது ஒட்டுநாடாவில் எடுத்த தடம் மட்டும். இப்போது கோப்பில் அறையின் வரைபடமும் படங்களும் சேர்ந்திருந்தன.

தடம் இருந்தது கண்ணாடியின் முன்பக்கம். முதலாளி கிடந்த பக்கம்.

இதை எப்படி ஒருவரும் யோசிக்கவில்லை? தள்ளுகிறவன் பின்னாலிருந்து தள்ளுவான். முன்னால் நின்று, சதை வெளுக்க அழுத்துகிறவன் தள்ளவில்லை. விழுகிறதைப் பிடிக்கிறான். இரண்டாவது கண்ணாடி முதலாளி மேல் வராமல் போனது தானாக நடந்ததில்லை. ஒரு மனிதன் அதைப் பிடித்துத் திருப்பிச் சாய்த்திருக்கிறான்.

கண்ணாடியின் மறுகோடியில் ஒரு மூலை உடைந்திருப்பதாக வரைபடத்தில் சின்னதாகக் குறித்திருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

தடத்தின் பெரிதாக்கிய படம். நடுவே, குறுக்காக, ஒரு வெள்ளைக் கோடு. முதல் தடவை அதைப் 'பரப்பில் உள்ள கீறல்' என்று எழுதியிருந்தாள். கீறலாக இருந்தால் விரலின் எல்லையைத் தாண்டியும் ஓட வேண்டாமா? இது எல்லைக்குள்ளேயே தொடங்கி, எல்லைக்குள்ளேயே முடிந்தது. முடிகிற இடத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு.

அது தழும்பு.

அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியும். கிடங்கில் வருகை பதியும் இயந்திரம் அந்த விரலை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "மெஷினுக்கே என்னைத் தெரியல, முதலாளிக்கா தெரியப்போகுது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்த நடுவிரலை நீட்டிக் காட்டி அப்பா எத்தனை தடவை சிரித்திருப்பார்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேஜை விளக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பட்டு, சுவரில் வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. கோப்பை மூடிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பாவே உட்காரத் தயார் என்கிறார். ரேகை குழம்பிய தடம். இனி யாரும் அதைத் திறக்கப்போவதில்லை.

ஒரு நிமிடம் அப்படி நினைத்தாள் என்பதை மறைத்து என்ன பயன்? நினைத்தாள்.

பிறகு தாளை எடுத்தாள்.

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"'இந்தத் தடத்தைக் கொண்டு உயரம் சொல்ல இயலாது. நான் முன்பு சொன்னது தவறு.' இந்தத் 'தவறு' வேணுமா? 'மறுபரிசீலனை'ன்னு போட்டா கண்ணியமா இருக்கும்."

"மறுபரிசீலனைக்கு ஒரு ஆளு நாலு நாள் பெஞ்ச்ல உக்காந்திருக்க மாட்டாரு மேடம்."

"உன் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாசம் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சித்தப்பான்னு தெரிஞ்ச பிறகு கோப்பத் தொட்டதே தப்பு."

"அதையும் எழுதியிருக்கேன். மூணாவது பத்தி. வேற ஆள் பாக்கட்டும்னும் கேட்டிருக்கேன்."

மேடம் மூன்றாவது பத்தியைத் தேடிப் படித்தார். பிறகு நாலாவதை. அங்கே விரல் நின்றது.

"தழும்பு. முன்பக்கம். இதெல்லாம் உன்னைக் கேட்டாங்களா? உயரம் மட்டும்தானே கேட்டாங்க?"

"போன தடவ கேட்டத மட்டும் எழுதினதாலதான மேடம் இப்படி ஆச்சு."

"இந்தத் தழும்புக்காரன் யாருன்னு தேடப் போவாங்க."

"போகட்டும்."

"உனக்கு யாருன்னு தெரியுமா?"

டிகிரி கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகினாள். மேடம் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பேனாவைத் தேடி, மேஜையில் கிடைக்காமல், டிகிரியின் கையிலிருந்ததை வாங்கினார்.

"மொத ரிப்போர்ட்டுல நானும்தான் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். "இது நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போகும். இன்னிக்கு நீ சீக்கிரம் வீட்டுக்குப் போ."

*

ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா அதே நாற்காலியில், அதே ஷூவோடு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் குழாய்ச் சத்தம். சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கான்?" என்றார் அப்பா.

"நல்லா இருக்காரு. உயரமாவே இருந்துட்டுப் போறேங்கறாரு."

அப்பாவுக்குப் புரிந்தது. புரிந்ததை முகத்தில் மறைக்கத் தெரியாத மனிதர்.

டிகிரி செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். "கைய நீட்டுங்கப்பா."

"எதுக்கு?"

"அளக்கறதுக்கில்ல. சும்மா நீட்டுங்க."

வலது கையை நீட்டினார். நடுவிரலைத் திருப்பிப் பார்த்தாள். குறுக்கே வெள்ளைக் கோடு, கடைசியில் தூண்டில் முள். அதைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, கையை விட்டாள்.

"எழுதிட்டேன்ப்பா. உயரம் சொல்ல முடியாது, என் கணக்கு தப்புன்னு. தழும்பு இருக்குன்னும் எழுதிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க கைக்குப் போயிடும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மூச்சை விட்டார். எட்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு.

"அவன விட்டுடுவாங்களா?"

"விட்டாகணும். அவரப் பிடிச்சதே என் கணக்க வச்சுத்தான்."

"அப்ப சரி."

"என்ன சரி? உங்கள வந்து பிடிப்பாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? தள்ளலை, பிடிச்சேன்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

அப்பா நிமிர்ந்தார். "பிடிச்சேன்னு எப்படித் தெரியும்?"

"முன்பக்கம் இருக்கு தடம். சதை முழுக்க அமுங்கியிருக்கு. நீங்கதானே சித்தப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, நுனியால தொடாதேன்னு."

அவர் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

"மொதக் கண்ணாடி சரிஞ்சப்ப நான் வாசல்லதான் நின்னேன். ஓடறதுக்குள்ள அவர் மேல விழுந்துடுச்சு. ரெண்டாவது ஆடிச்சு. அது வந்திருந்தா அங்கயே முடிஞ்சிருப்பாரு. பிடிச்சு நிமித்திட்டு, வெளிய வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் நான்தான்."

"அப்புறம் ஏன் சொல்லலை? தம்பியப் பிடிச்சுட்டுப் போனப்பவும் ஏன் வாயத் திறக்கல?"

"சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்க."

"என்ன கேள்வி?"

அவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். டிகிரிக்குள் ஏதோ நகர்ந்து இடம் மாறியது. எட்டடிக் கண்ணாடி. அதன் எடை அவளுக்குத் தெரியும். பள்ளி விடுமுறைகளில் கிடங்கு வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எட்டடிக் கண்ணாடி என்றால் இந்தக் கோடிக்கு ஒரு ஆள், அந்தக் கோடிக்கு ஒரு ஆள். அதில் விதிவிலக்கே கிடையாது. தனியாக எட்டடியைத் தொட்டவனை அப்பா அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பச் சொல்வார்.

"ஒத்த ஆளால அது முடியாதுப்பா," என்றாள் மெதுவாக. "விழுகிற எட்டடியத் தனியா நிமித்த முடியாது. இந்தப் பக்கம் நீங்க. அந்தக் கோடியில யாரு?"

வரைபடம் கண்முன் வந்தது. மறுகோடியில் உடைந்த மூலை.

உடைந்த மூலையைப் பிடித்த கை என்ன ஆகியிருக்கும்?

கிடங்கில் சித்திக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே தாள் வைக்கிற வேலை. தாங்கிக்குப் பக்கத்திலேயேதான் நாள் முழுக்க நிற்பாள். எட்டு நாளாக ஆறாத சூடு. காட்ட மறுக்கும் கை. 'தண்ணி படாம பாத்துக்கச் சொல்லு.'

டிகிரி திரும்பினாள்.

பஞ்சுத் துண்டு ஒட்டிய வாசலுக்கு அந்தப் பக்கம், சித்தி இவர்களைப் பார்த்தபடி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. நாலு நாளில் முதல் தடவையாக டிகிரியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். துணி நனைந்து, ஓரத்தில் வெளிர்ச் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா," என்றார் அப்பா. "முதலாளி முழிக்கட்டும்."

"இல்ல மாமா. அவரு எனக்காக அங்க உக்காந்தது போதும். இப்ப உங்களையும் அனுப்பிட்டு நான் பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்க முடியாது."

சித்தி கை நீட்டிக் குழாயை மூடினாள். பிறகு வலது கையை முகத்தருகே தூக்கி, நனைந்து இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஸ்கேல எடுத்துக்க டிகிரி," என்றாள். "அந்த மொதக் கண்ணாடி ஏன் சரிஞ்சுதுன்னும் சேத்து எழுதிக்க."